ஆறு வயதிலும் அறுபது வயதிலும் ஒரு தோழி

தரம் 6 முதல் இன்று வரை "நட்பு" என்ற தலைப்பில் நாம் எழுதிய கட்டுரைகளை எல்லாம் அடுக்கினால் ஒரு சிறு புத்தகமே ஆகிவிடும். அக்கட்டுரைகளில் வரும் நட்பு பெரும்பாலும் ஒரே மாதிரியானது. ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. ஒருத்தி கீழே விழுந்தால் மற்றவள் கை கொடுத்துத் தூக்கி விடுவாள். கட்டுரையும் அத்தோடு முடிந்துவிடும்.

பாடசாலை வாயிலைத் தாண்டிய பிறகு அந்த இருவருக்கும் என்ன நடக்கிறது? கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருக்கும் 25 வயதில் ஒருத்தி யாரிடம் மனம் விட்டுப் பேசுகிறாள்? 45 வயதில் ஒரு தொழிலைப் புதிதாகத் தொடங்க நினைப்பவளுக்கு "உன்னால் ஏலும்" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? 60 வயதில்? உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டு ஆளுக்கொரு திசையாகப் பிரியப்போகும் எமக்கு இக்கேள்விகள் வெறும் கட்டுரைத் தலைப்புகள் அல்ல. ஆகவே, வாழ்வின் ஒவ்வொரு பருவத்திலும் தோழமை எமக்கு எத்தகைய ஊக்கத்தைத் தருகிறது, அது எங்கே கைநழுவிப் போகிறது, அதை எவ்வாறு காத்துக்கொள்ளலாம் என்பவற்றைச் சிறிது விளக்கமாகப் பார்ப்போம்.

ஊக்கம் என்றால் என்ன?

புகழ்ச்சி, ஆறுதல், ஊக்கம் ஆகிய மூன்றையும் நாம் அடிக்கடி ஒன்றாகக் குழப்பிக் கொள்கிறோம். செய்து முடித்த காரியத்தைப் பாராட்டுவது புகழ்ச்சி. நடந்து முடிந்த துன்பத்துக்காக அருகில் அமர்வது ஆறுதல். ஊக்கமோ இனிமேல் செய்ய வேண்டிய காரியத்தைப் பற்றியது. ஒருவர் இன்னும் ஏறாத மேட்டின் முன்னால் நிற்கும்போதுதான் அவருக்கு ஊக்கம் தேவைப்படுகிறது.

மேடு என்று உவமைக்காக மட்டும் சொல்லவில்லை. 2008 ஆம் ஆண்டு உளவியலாளர்கள் சிலர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முதுகில் பாரமான பையைச் சுமந்தவர்களை ஒரு குன்றின் அடியில் நிறுத்தி, அதன் சரிவு எவ்வளவு செங்குத்தாகத் தெரிகிறது என மதிப்பிடச் சொன்னார்கள். தனியாக நின்றவர்களை விட, நண்பர் ஒருவரோடு நின்றவர்களுக்கு அக்குன்று குறைந்த சரிவுடையதாகத் தெரிந்தது. நீண்ட காலம் பழகிய நண்பர் என்றால் சரிவு இன்னும் குறைவாகத் தெரிந்தது. அந்த நண்பர் பையை வாங்கிச் சுமக்கவில்லை. கூட நின்றார், அவ்வளவுதான்.

எமது மார்க்கத்தில் இதற்கு மிக உயர்ந்த முன்மாதிரி ஒன்று உண்டு. ஹிஜ்ரத்தின்போது ஸவ்ர் குகையில் நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரழி) அவர்களும் மறைந்திருந்தார்கள். எதிரிகள் குகை வாயில் வரை வந்துவிட்டார்கள். அந்த வேளையில் நபியவர்கள் தம் தோழரிடம், அல்லாஹ் எம்மோடு இருப்பதால் கவலைப்பட வேண்டாம் என்று கூறியதை அல்குர்ஆன் ஸூரத்துத் தவ்பாவின் 40 ஆம் வசனத்தில் நினைவூட்டுகிறது. குகையின் இருள் குறையவில்லை. எதிரிகளும் உடனே மறைந்துவிடவில்லை. ஆயினும் அச்சத்தில் இருந்தவரின் உள்ளம் உறுதி பெற்றது. இதுவே ஊக்கம்.

சிறு பராயம்

சிறுபிள்ளைகளின் நட்பைப் பெரியவர்கள் விளையாட்டாகவே பார்க்கிறார்கள். காலையில் "டூ" விட்டு, இடைவேளையில் "பழம்" விடும் நட்புத்தானே என்று சிரிக்கிறார்கள். ஆனால் ஒரு பிள்ளை வீட்டுக்கு வெளியே முதன்முதலாகத் தன் விருப்பப்படி தேர்ந்தெடுக்கும் உறவு அதுதான். உம்மா, வாப்பா, ராத்தா, நானா எல்லோரும் பிறக்கும்போதே கிடைத்தவர்கள். தோழியை நாமே தேடிக்கொள்கிறோம்.

இப்பருவத்தில் தோழி தருவது துணிவு. தனியே போகப் பயந்த மலசலகூடத்துக்கு அவளோடு போகலாம். மேடையில் கஸீதா பாட இருவராக ஏறினால் குரல் நடுங்காது. புலமைப்பரிசில் பரீட்சை மண்டப வாயிலில் பெற்றோரின் கையை விட்டுவிட்டு உள்ளே போகும் பிள்ளைகளைக் கவனியுங்கள். இரண்டு இரண்டு பேராகத்தான் போவார்கள்.

சிறு பிள்ளைகளின் துக்கத்தையும் நட்பையும் பெரியோர் அற்பமாக எண்ணக் கூடாது என்பதற்கு நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே ஒரு சான்று இருக்கிறது. அனஸ் (ரழி) அவர்களின் தம்பியான அபூ உமைர் என்ற சிறுவன் ஒரு சிறு குருவியை வளர்த்து வந்தான். அது இறந்துவிட்டது. நபியவர்கள் அச்சிறுவனிடம் அந்தக் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். ஒரு சமூகத்தையே வழிநடத்தியவர் ஒரு சிறுவனின் குருவிக்காக நேரம் ஒதுக்கினார் என்பதை எண்ணிப் பார்க்கும்போது வியப்பாக இருக்கிறது.

எமது பருவம்

இப்போது எம்மைப் பற்றிப் பேசுவோம். பதின்ம வயதில் தோழியே கண்ணாடி. உடுப்பது முதல் பேசுவது வரை அவளைப் பார்த்தே நாம் எம்மைத் திருத்திக் கொள்கிறோம். இதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு.

இலங்கையில் உயர்தரம் படிக்கும் தோழிகளுக்கு ஒரு சோதனை இருக்கிறது. இசட் புள்ளியையும் மாவட்ட ஒதுக்கீட்டையும் கொண்டே பல கற்கைநெறிகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைக்கிறது. அப்படியென்றால், ஒரே மாவட்டத்தில் ஒரே பிரிவில் படிக்கும் இரு தோழிகள் கணக்கின்படி போட்டியாளர்கள். "எத்தனை பாஸ்ட் பேப்பர் செய்து முடித்தாய்?" என்ற சாதாரணக் கேள்விக்குக் கூட உண்மையான பதில் சொல்லத் தயங்கும் நிலை சிலருக்கு வந்துவிடுகிறது. டியூசன் நோட்ஸ் கொப்பியைப் பைக்குள் ஒளித்து வைப்பதும் இதனால்தான்.

இதைச் சற்று நிதானமாகக் கணக்குப் பார்த்தால் பயம் குறையும். மாவட்டத்தில் எம்மோடு பரீட்சை எழுதுபவர்கள் ஆயிரக்கணக்கானோர். பக்கத்தில் இருப்பவள் அவர்களில் ஒருத்தி மட்டுமே. அவளுக்கு ஒரு பாடத்தை விளக்கிக் கொடுப்பதால் எமது நிலை சரிந்துவிடப் போவதில்லை. மாறாக, விளக்கும்போதுதான் எமக்கு எது விளங்கவில்லை என்பது தெரியவரும். எமது வகுப்பில் தமிழ் இலக்கியப் பாடத்துக்கு நால்வர் சேர்ந்து ஒரு முறையை வைத்திருக்கிறோம். ஒவ்வொருவரும் ஒரு செய்யுட் பகுதியைப் படித்துவந்து மற்ற மூவருக்கும் ஆசிரியை போல் நின்று விளக்க வேண்டும். கேள்வி கேட்டு மடக்குவதற்கு முழு உரிமை உண்டு. அந்த மடக்குதலில் கிடைத்த ஊக்கம் எந்தப் பாராட்டிலும் கிடைத்ததில்லை.

பாடசாலைக்குப் பின்: இடமில்லாத நட்பு

ஆண்களின் நட்பையும் பெண்களின் நட்பையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு வேறுபாடு கண்ணில் படும். வாப்பாவுக்கும் அவருடைய கூட்டாளிமாருக்கும் சந்திக்க இடங்கள் இருக்கின்றன. பள்ளிவாசல் முற்றம், சந்தித் தேநீர்க்கடை, கடற்கரை மதில், கடைத்தெரு. முன்கூட்டியே சொல்லி வைக்காமலே அவர்கள் தினமும் சந்தித்துக் கொள்கிறார்கள். உம்மாவுக்கு அப்படி ஓர் இடம் இல்லை. பாடசாலைதான் எமக்குக் கிடைக்கும் முதலாவதும், பலருக்குக் கடைசியுமான பொது இடம். ஆகவே பெண்ணின் நட்பு பாடசாலையோடு முடிவது அவளுக்கு நட்பில் பற்றில்லாததால் அல்ல. அந்த நட்பு உட்கார ஓர் இடம் இல்லாததால்தான்.

ஊருக்கு ஊர் இதில் வித்தியாசமும் உண்டு. கிழக்கு மாகாணத்தில் பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்கிறார். அதனால் அங்குள்ள பெண்கள் திருமணத்தின் பின்னும் பிறந்த ஊரிலேயே, சிறுவயதுத் தோழியரின் வேலிக்கு அருகிலேயே இருக்க முடிகிறது. புகுந்த வீட்டுக்குப் போகும் வழக்கமுள்ள ஊர்களில் பெண் தன் வீட்டை மட்டுமன்றித் தன் தோழியர் கூட்டத்தையும் விட்டுப் போகிறாள். பெண் வீட்டைப் பிரிவதற்காக அழும் கண்ணீரை எல்லோரும் காண்கிறார்கள். தோழியைப் பிரிந்த கண்ணீர் அந்தக் கூட்டத்துக்குள் கலந்து போய்விடுகிறது.

நாம் பாடத்தில் படிக்கும் சங்க அகப்பாடல்களை இந்தக் கோணத்தில் பார்க்கலாம். அங்கே தோழி என்பவள் செவிலித் தாயின் மகள். தலைவியோடு கூடவே வளர்ந்தவள். களவுக் காலத்தில் தலைவியின் மனதை அறிந்து, உரிய வேளையில் உண்மையை எடுத்துரைத்து அவளது திருமணத்துக்கு வழி செய்பவள் அவளே. நாம் கவனிக்காமல் விடுவது இதன் பிற்பகுதியை. திருமணத்தின் பின்னரான கற்புப் பாடல்களிலும் தோழி இருக்கிறாள். பரத்தையிடம் சென்று திரும்பிய தலைவனுக்கு வீட்டு வாயிலை மறுத்துப் பேசும் உரிமை அவளுக்கு இருக்கிறது. அதாவது, திருமணம் ஆனதும் தோழியின் வேலை முடிந்தது என்று அப்புலவர்கள் நினைக்கவில்லை. 2000 ஆண்டுகளுக்கு முந்திய இலக்கியம் பெண்ணின் நட்புக்குக் கொடுத்த இடத்தை நாம் இன்று கொடுக்கிறோமா?

உம்மாமாரின் பருவம்

ஆயினும் எமது உம்மாமார் இடமில்லாத இடத்திலும் நட்பை வளர்த்துக் கொண்டுதான் இருக்கிறார்கள். கிளினிக் வாங்கில் குழந்தையை நிறுக்கக் காத்திருக்கும்போது ஒரு நட்பு. டியூசன் வாசலில் பிள்ளை வரும்வரை குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஒரு நட்பு. பெண்களுக்கான குர்ஆன் வகுப்பில் ஒரு நட்பு. சீட்டுப் பிடிப்பதில் ஒரு நட்பு. நோன்பு காலத்தில் மதிலுக்கு மேலால் கஞ்சிக் கோப்பையும் கடற்பாசித் தட்டும் கைமாறும்போது ஒரு நட்பு.

இப்பருவத்தின் ஊக்கம் வாய்ச் சொல்லாக வருவது குறைவு. அது ஒரு வேலையைப் பகிர்ந்துகொள்வதாக வரும். "நீ போய் டொக்டரைக் காட்டிட்டு வா, புள்ளய நான் பாக்கிறன்" என்ற ஒரு வாக்கியத்துக்குள் எவ்வளவு பெரிய ஊக்கம் இருக்கிறது! மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன தாய்மார் பலரின் பிள்ளைகள் பரீட்சை எழுதித் தேறியதன் பின்னால், பாடசாலைக் கூட்டத்துக்கு அந்தத் தாய்க்குப் பதிலாகப் போய் உட்கார்ந்த ஒரு தோழி இருப்பாள். அவளுடைய பெயர் பெறுபேற்றுப் பத்திரத்தில் வருவதில்லை.

இங்கே அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் 1938 இல் தொடங்கி இன்றும் தொடரும் ஆய்வொன்றைக் குறிப்பிடலாம். மனிதரின் வாழ்வை இளமை முதல் முதுமை வரை பின்தொடர்ந்த அந்த ஆய்வு, முதுமையில் உடலும் உள்ளமும் நலமாக இருப்பதற்கு நல்ல உறவுகள் பெரிதும் துணை செய்கின்றன என்று கண்டது. அதில் ஆரம்பத்தில் சேர்க்கப்பட்டவர்கள் ஆண்கள் மட்டுமே; பெண்கள் பிற்காலத்தில்தான் சேர்க்கப்பட்டார்கள். பெண்களின் நட்பைக் கணக்கில் எடுக்க உலகத்துக்கே சற்றுத் தாமதமாகிவிட்டது போலும்.

முதுமை: கணக்கில் வைத்திருந்த ஒருத்தி

வயது போகப் போக நண்பர்களின் எண்ணிக்கை குறைகிறது. மௌத்தும் நோயும் தூரமும் அதற்குக் காரணங்கள். ஆனால் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் லோரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் இன்னொரு காரணத்தையும் விளக்குகிறார். எமக்கு மீதமிருக்கும் காலம் குறைவு என்று உணரும்போது, மனதுக்கு நெருக்கமான சிலரோடு மட்டும் இருக்க நாமே விரும்புகிறோம் என்பது அவரது கருத்து. எனவே வயோதிபர்களின் சிறிய நட்பு வட்டத்தைப் பார்த்து இரங்க வேண்டியதில்லை. அது வடித்தெடுத்த வட்டம்.

என் உம்மம்மாவின் வட்டத்தில் ஒருவர் இருக்கிறார். உம்மம்மா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். அங்கே தையல் வேலை செய்தார். அவருடைய நெருங்கிய தோழி ஓர் இந்துத் தமிழ்ப் பெண், அவரும் தையற்காரி. பத்துப் பெண்கள் சேர்ந்து மாதம் 150 ரூபாய் வீதம் ஒரு சீட்டுப் போட்டார்கள். உம்மம்மாவின் முறை 1990 நவம்பர் மாதம் வரவிருந்தது. ஒக்டோபர் மாத இறுதியில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். உம்மம்மா 9 வயதுப் பிள்ளையான என் உம்மாவைக் கையில் பிடித்தபடி உடுத்த உடையோடு புத்தளத்துக்கு வந்து சேர்ந்தார். முகாம் வாழ்க்கையில் தையலை விட்டுவிட்டார்.

2002 இல் சமாதானக் காலத்தில் ஏ9 பாதை திறந்தது. உம்மம்மா 12 வருடங்களுக்குப் பிறகு யாழ்ப்பாணம் போய்த் தோழியைத் தேடிப் பிடித்தார். அந்தத் தோழி உள்ளே போய் ஒரு பழைய கொப்பியையும் ஒரு கடித உறையையும் எடுத்து வந்தார். உறைக்குள் 1,500 ரூபாய் இருந்தது. அந்தச் சீட்டில் உம்மம்மாவின் பங்கு. "ஏனடி தையல விட்டனீ? உன்ர வெட்டு இஞ்ச ஒருத்தருக்கும் வராது" என்றாராம்.

"1990 இல அது நல்ல காசு. 2002 இல அதால பெரிசா ஒண்டும் வாங்க ஏலாது. ஆனா நான் அங்க ஒரு ஆளா வாழ்ந்தன் எண்டத ஒருத்தி கணக்கு வச்சிருந்தாளே, அதுதான் மகள்" என்று உம்மம்மா சொல்வார். அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு பழைய தையல் மெஷினை வாங்கினார். அப்போது அவருக்கு வயது 44. என் பாடசாலைச் சீருடையை இன்றும் அவர்தான் தைக்கிறார்.

முதிய வயதில் தோழமை தரும் ஊக்கம் இதுதான் என்று நினைக்கிறேன். நாம் யாராக இருந்தோம் என்பதை நாமே மறந்துவிடும்போது, அதை நினைவில் வைத்திருக்கும் ஒருவர் எமக்குத் தேவை.

நட்பின் நினைவைப் பேணுவது ஸுன்னத்தான பண்பும் ஆகும். கதீஜா (ரழி) அவர்கள் மறைந்து பல வருடங்களின் பின்னும், நபி (ஸல்) அவர்கள் ஓர் ஆட்டை அறுத்தால் அதன் இறைச்சியில் ஒரு பங்கைக் கதீஜாவின் தோழியருக்கு அனுப்பி வைப்பார்கள் என்று ஹதீஸில் வந்துள்ளது. ஒரு பெண்ணின் நட்பு அவளது கணவரால் இவ்வளவு மதிக்கப்பட்டது என்பதை எமது குடும்பங்கள் அடிக்கடி நினைவூட்டிக் கொள்ள வேண்டும்.

வயதைத் தாண்டிய தோழமை

இதுவரை பார்த்தவை பெரும்பாலும் ஒத்த வயதினரின் நட்பு. ஒரே வயதுத் தோழியிடம் ஒரு குறை இருக்கிறது. நாம் பயப்படும் அதே விடயத்துக்குத்தான் அவளும் பயப்படுகிறாள். ஆற்றின் இக்கரையில் நிற்கும் இருவர் ஒருவரையொருவர் தேற்றலாம். அக்கரையில் நின்று "இவ்விடத்தில் ஆழமில்லை, வா" என்று சொல்ல இன்னொருவர் வேண்டும். திருவள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் பாடியதோடு நிற்காமல், "பெரியாரைத் துணைக்கோடல்" என்று தனியே ஓர் அதிகாரத்தையும் வைத்திருப்பது இதனாலேயே.

பயன் ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதன்று. கலீஃபா உமர் (ரழி) அவர்கள் பத்ர் யுத்தத்தில் பங்குபற்றிய மூத்த ஸஹாபாக்களின் சபையில் இளைஞரான இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களையும் அமர்த்துவார்கள். எமக்கும் இவர் வயதில் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று சிலர் முறைப்பட்டார்கள். உமர் அவர்கள் ஸூரத்துந் நஸ்ரின் கருத்தை எல்லோரிடமும் கேட்டார்கள். அது நபியவர்களின் மறைவு நெருங்கிவிட்டதை உணர்த்துவதாக இப்னு அப்பாஸ் விளக்கினார். தாமும் அவ்வாறே விளங்கியதாக உமர் அவர்கள் கூறினார்கள். பெரியவர் இளையவருக்கு இடம் கொடுத்தார். இளையவர் அந்தச் சபைக்குத் தெளிவைக் கொடுத்தார். பிற்காலத்தில் இப்னு அப்பாஸ் குர்ஆன் விளக்கத்தில் பேரறிஞராக விளங்கினார்.

எமது வாழ்விலும் இத்தகைய நட்புக்கு இடமுண்டு. போன வருடம் பரீட்சை எழுதிய ராத்தா ஒருவர், பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் மூத்தம்மா, ஓய்வு பெற்ற ஆசிரியை, தரம் 6 இல் புதிதாகச் சேர்ந்து பஸ்ஸில் பயந்தபடி வரும் சிறுமி என்று நால்வரை ஒவ்வொருவரும் சுற்றிப் பார்த்தால் காணலாம். அந்தச் சிறுமிக்கு நாமே அக்கரையில் நிற்பவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம்

ஊக்கம் என்ற பெயரில் வருவதெல்லாம் ஊக்கமன்று. நல்ல நண்பரைக் கஸ்தூரி விற்பவருக்கும் தீய நண்பரைக் கொல்லனின் துருத்தியை ஊதுபவருக்கும் ஒப்பிட்ட ஹதீஸ் நாம் அறிந்ததே. வள்ளுவரும் "தீ நட்பு", "கூடா நட்பு" என இரு அதிகாரங்களை ஒதுக்கியுள்ளார். எம் எல்லாப் பேச்சுக்கும் தலையாட்டும் தோழி இனிமையானவள். ஆனால் குன்றின் மறுபக்கம் பள்ளம் என்று அறிந்தும் "ஏறு" என்பவள் தோழியல்லள்.

ஸல்மானுல் பாரிஸி (ரழி) அவர்கள் தம் சகோதரராக்கப்பட்ட அபுத் தர்தா (ரழி) அவர்களின் வீட்டுக்குச் சென்றபோது, அவர் பகலெல்லாம் நோன்பிலும் இரவெல்லாம் தொழுகையிலும் மூழ்கித் தம் உடலையும் குடும்பத்தையும் கவனிக்காதிருப்பதைக் கண்டார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய கடமைகளை உரியவாறு கொடுக்கும்படி எடுத்துச் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் ஸல்மான் சொன்னது உண்மை என உறுதிப்படுத்தினார்கள். நல்ல காரியத்தில்கூட அளவு மீறும்போது "கொஞ்சம் தூங்கு" என்று சொல்வதும் ஊக்கமே. விடிய விடியப் படித்துக் கண் சிவந்து வரும் தோழிகளுக்கு இதை அர்ப்பணிக்கிறேன்.

இன்னொன்று: எல்லா ஊக்கத்தையும் ஒரே தோழியிடம் எதிர்பார்ப்பது அவள்மேல் சுமத்தும் பாரம். சிரிக்க ஒருத்தி, படிக்க ஒருத்தி, இரகசியம் சொல்ல ஒருத்தி, கண்டிக்க ஒருத்தி என இருப்பது துரோகமாகாது.

நாம் என்ன செய்யலாம்?

கன்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெப்ரி ஹோல் 2018 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒருவர் சாதாரண நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணித்தியாலங்களும் நெருங்கிய நண்பராவதற்கு 200 மணித்தியாலங்களுக்கு மேலும் சேர்ந்து செலவிட வேண்டும். எமது இடைவேளை 20 நிமிடங்கள். 200 மணித்தியாலங்கள் என்பது 600 இடைவேளைகள். வருடத்துக்குச் சுமார் 200 பாடசாலை நாட்கள் என்று கொண்டால் மூன்று வருடங்கள். இந்த மூன்று வருடங்களை எமக்கு மணியடித்து இலவசமாகத் தந்தது பாடசாலை. இனிமேல் யாரும் மணியடிக்கமாட்டார்கள். நேரத்தை நாமே ஒதுக்க வேண்டும்.

அதற்குச் சில எளிய வழிகளைச் சொல்கிறேன். முதலாவது, பிரிவதற்கு முன்பே ஒரு நாளைக் குறித்துக் கொள்வோம். "எப்போதாவது சந்திப்போம்" என்பது சந்திக்காமல் விடுவதற்கான சொல். நோன்புப் பெருநாளின் மூன்றாம் நாள், இன்னாரின் வீட்டில் என்று தீர்மானித்தால் அது நடக்கும். இரண்டாவது, வட்ஸ்அப் குழுவில் நூறு பேருக்கு ஒரே வாழ்த்தை அனுப்புவதை விட, மாதம் ஒருத்திக்குப் பெயர் சொல்லி ஒரு குரல் பதிவை அனுப்புவோம். மூன்றாவது, திருமணமான தோழியை, "அவளுக்கு இனி நேரமிருக்காது" என்று நாமே தீர்மானித்து அழைப்பிலிருந்து விலக்காதிருப்போம். வருவதா இல்லையா என்பதை அவள் சொல்லட்டும். நான்காவது, பெறுபேறு வரும் நாளில் நன்றாகச் செய்தவளுக்கு வாழ்த்து குவியும். அன்று எதிர்பார்த்தது கிடைக்காதவளின் வீட்டுக்கு முதலில் போவோம். இரண்டாம் முறை எழுதுவதற்கு விண்ணப்பிக்கும் நாள் வரை அவளுக்குத் தேவைப்படுவது அந்த வருகைதான்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். உம்மாமாருக்கும் தோழிகள் இருந்தார்கள். பழைய மாணவியர் ஒன்றுகூடலுக்கு அழைப்பு வந்தால், "சமையல் யார் பார்ப்பது?" என்று அந்தக் கடதாசியைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வைத்து மறந்துவிட வேண்டாம். ஒரு நாள் சமையலை நாமும் வாப்பாவும் பார்த்துக் கொள்கிறோம். நீங்கள் போய் வாருங்கள். தோழியரைச் சந்தித்துவிட்டு வரும் உம்மாவின் முகத்தில் வரும் வெளிச்சம் வீட்டுக்கே நல்லது.

அன்புத் தோழியரே, இவ்வருடம் எமது வகுப்பில் 31 பேர் இருக்கிறோம். பல்கலைக்கழகம், கல்வியியற் கல்லூரி, அரபுக் கல்லூரி, திருமண வாழ்வு, வெளிநாடு என்று எமது பாதைகள் வேறாகலாம். யாருக்கு எந்தக் குன்று காத்திருக்கிறது என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். ஆனால் அந்தக் குன்றின் அடியில் நிற்கும்போது தொலைபேசியில் அழைக்க ஒரு பெயர் எம் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். அதேபோல், இன்னொருத்தியின் தொலைபேசியில் அந்தப் பெயராக நாமும் இருக்க வேண்டும். அதற்கான மூன்று வருட முதலீடு ஏற்கனவே எம் கையில் இருக்கிறது. வல்ல அல்லாஹ் அதைப் பேணிக்கொள்ளும் பாக்கியத்தை எம் எல்லோருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

உயர்தரக் கலைப் பிரிவு மாணவி